நெல்லுக்குக் கஷாயம்

தங்கமணிக்கு அந்தப் படத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். பேசும்படம் வந்த புதிதில் எடுத்த சிரிப்புப் படம். நெல் குதிருக்குள் ஒளிந்த திருடன் தும்முவான். நெல்லுக்குச் சளி பிடித்துவிட்டதென்று வீட்டுக்காரர் கஷாயம் காய்ச்சி உள்ளே ஊற்றுவார். திருடன் வெளியே வந்து ஒரு பாட்டுப் பாடுவான். பிடிக்க வந்தவர்களும் கூடவே பாடுவார்கள். அவ்வளவுதான். இதற்குப் போய் எலவனாசூர்கோட்டையில் மூன்று ஏக்கர் கரும்பு வைத்திருக்கிற மனுஷன் இருபது வருஷமாக வயிறு வலிக்கச் சிரிப்பதா?

அவள் கணவன் தீனதயாளன் சிரிப்பார். மழை ஏமாற்றிக் கரும்பு காய்ந்த வருஷமும் சிரித்தார். சிரித்துத் தொலையட்டும் என்று அவளும் விட்டிருப்பாள். ஆனால் மகள் பாரதியைப் பெண் பார்க்க வருகிறவர்களையும் டிவி முன்னால் உட்காரவைத்து அந்தக் காட்சியைப் போட்டுவிடுவார். சிரிக்கத் தெரியாத வீட்டில் பெண் கொடுக்க மாட்டாராம். முதல் பையன் செல்போனை நோண்டினான். இரண்டாமவன் சிரித்தான், ஆனால் தும்மலுக்கு முன்பே சிரித்துவிட்டான். மூன்றாமவன் தூங்கியே போனான். மூன்று சம்பந்தமும் போயிற்று. பாரதிக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது.

நான்காவதாகத் திருக்கோவிலூரிலிருந்து இளவரசன் வந்தான், பள்ளிக்கூட வாத்தியார். போட்டோவைப் பார்த்த அன்றே, இவரைப் பிடித்திருக்கிறது என்று பாரதி அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். இன்றைக்கு மட்டும் அந்தக் கருமத்தைப் போடாதீர்கள் என்று தங்கமணி காலையிலிருந்து தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவள் கேசரித் தட்டோடு வருவதற்குள் படம் ஓட ஆரம்பித்துவிட்டது.

கஷாயம் ஊற்றியாயிற்று. இளவரசன் கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். தீனதயாளன் டிவியை அணைத்துவிட்டு, ஜாதகத்தை இன்னொரு தரம் பார்த்துச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று வந்தவர்களுக்கும் தெரியும், எழுந்துகொண்டார்கள்.

பாரதி அறை வாசலிலிருந்து பேசினாள். "எனக்கும் அந்த எடத்துல சிரிப்பு வராதுப்பா. சின்னப் புள்ளயிலேர்ந்து உங்க மூஞ்சியப் பாத்துக்கினுதான் சிரிச்சேன்."

தீனதயாளன் ரிமோட்டைப் பிடித்தபடி மனைவியைப் பார்த்தார். "அப்போ இந்த வூட்ல நான் ஒருத்தன்தான் சிரிச்சிக்கினு இருந்தனா?"

ஆமாம் என்று சொல்லத்தான் அவள் இருபது வருஷமாகக் காத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை. அதற்கும் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"அடுப்பங்கரைல இருந்துக்கினு நானுந்தாங்க சிரிச்சேன்" என்றாள். "அவுங்கள உக்காரச் சொல்லுங்க, தேதியப் பேசலாம்."

அந்தப் படத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அது.