சாமிக்குக் குளிர்ந்த அன்று

றக்வானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றால், சாமியாடும் ஐயாவுவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது கருப்பாயிதான். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கையால் அந்தச் செம்பை அப்படி இறுக்கிப் பிடித்திருப்பாள். ஐயாவுவின் வாயிலிருந்து வருவது அம்மன் வாக்கு. அதை அவள் ஒருநாளும் தட்டியதில்லை.

தங்கை பவளம், குருவிட்டப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலை செய்த சிங்களவர் ஒருவரைக் கட்டிக்கொண்டபோது, "அந்த வாசப்படிய மிதிச்சா ஒம் புள்ளைக்கு ஆகாது மகளே!" என்று சாமி சொன்னது. கருப்பாயி மிதிக்கவில்லை. போன வருடம் பவளத்தின் புருஷன் நோயில் கிடந்து இறந்தபோதும் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுததோடு சரி.

இந்த வருடம் கரகம் வரும்போது தூறல் பிடித்துவிட்டது. தப்பு மேளம் அதிர, ஐயாவு நாக்கைத் துருத்தி ஆடி வந்து அவள் முன்னால் குனிந்தார். ஊற்றினாள். அப்போது, லயத்துப் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது பேசுகிற அதே சாதாரணக் குரலில் அவர் முணுமுணுத்தார்:

"மெல்ல ஊத்து தங்கச்சி. குளுருது."

கருப்பாயி செம்பை நிமிர்த்தினாள். மகளே என்று கூப்பிடும் சாமி தங்கச்சி என்கிறதே! என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்: "சாமிக்குக் குளுருதாம்!"

தப்பு சட்டென்று நின்றது. ஐயாவு கண்ணைத் திறந்து அவளை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"ஆத்தா பட்டு கேக்குறா! கொண்டாங்கடா!" என்று கத்தினார் கோயில் தலைவர் தினேஷ். பெண்கள் குலவையிட்டார்கள். புதுப்பட்டு ஐயாவுவின் தோளில் விழுந்தது. யாரோ ஒருத்தி கருப்பாயியின் காலையே தொட்டுக் கும்பிட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். குலவைச் சத்தத்தில் அது எடுபடவில்லை.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்த பவளம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னக்கா, சாமி உத்தரவு குடுத்திருச்சா?"

"அது சாமி இல்லடி," என்றாள் கருப்பாயி. "ஐயாவு அண்ணன்டி. இத்தன வருசமும் அவருதான்டி."

பவளம் அழவில்லை. "கடைசி வரைக்கும் எங்க வீட்டுக்காரரு ஒங்களத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாரு. அக்கா வருவாங்களான்னு," என்றாள்.

கருப்பாயி அந்த வாசப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.