முழுங்கத் தெரியாதவர்

அப்பாவுக்குப் பழம் முழுங்கத் தெரியாது. சோறு முழுங்குவார், மாத்திரை முழுங்குவார், அம்மா சொல்வதையெல்லாம் வாய் திறக்காமல் முழுங்குவார். பழம் மட்டும் தொண்டையில் இறங்காது. பழச்சாறு ஆலையில் ருசி பார்ப்பது அவருக்கு வேலை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, கன்னத்துக்குள் இப்படியும் அப்படியும் உருட்டி, பக்கத்து வாளியில் துப்பிவிட்டுத் தரம் சொல்ல வேண்டும். முழுங்கினால் அடுத்த தொட்டியின் ருசி நாக்கில் ஏறாதாம். எங்கள் தெருவில் துப்புவதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே மனுஷர் அவர்தான். மற்றவர்கள் சும்மாவே துப்புகிறார்கள்.

இத்தனை வருஷப் பழக்கத்தில் வாய்க்கு வீடும் ஆலையும் ஒன்றாகிவிட்டது. வீட்டில் வாழைப்பழம் தின்றாலும் மென்று, துப்பி, "ரெண்டாம் தரம்" என்பார். நாங்கள் கண்டுகொள்வதில்லை. வெளி ஆட்கள் அப்படியா?

அத்தை அப்பாவுக்கு ஒரே அக்கா. தாயில்லாத வீட்டில் அவருக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அத்தைதான். தம்பி ஆளான பிறகுதான் தனக்குக் கல்யாணம் என்று இருந்து, தலை நரைக்கத் தொடங்கிய பிறகு கட்டிக்கொண்டது ஒரு பஸ் டிரைவரை. மாமா தங்கமான மனுஷர். அவருடைய கொல்லையில் ஒரு மாமரம் உண்டு. கன்று வைத்தது, தண்ணீர் ஊற்றியது எல்லாம் அவரே. பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளை.

கல்யாணமான முதல் கோடையில் மாங்காய் பறிக்க எங்களைக் கூப்பிட்டார்கள். மரத்திலேயே பழுத்த முதல் பழத்தை மாமா அறுத்து அப்பாவிடம் நீட்டினார். அப்பா கடித்தார், உருட்டினார், மாமாவின் காலடியில் துப்பினார். "கடும் புளிப்பு. நார் அதிகம். கழிவு" என்றார். மாமா கையிலிருந்த துறட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். அத்தை எங்களை வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அதற்கப்புறம் ஆறு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா போன் போடுவார், மணி அடித்து ஓயும். "அக்கா எடுக்கல" என்பார், தொட்டிக்குத் தரம் சொல்கிற அதே குரலில். ஆனால் அன்றைக்குச் சாப்பிட உட்கார மாட்டார். எனக்கு அத்தைமேல் கோபம் கோபமாக வரும்.

இந்தக் கோடையில் அத்தையே கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை மாங்கா பறிக்கிறோம். எல்லாரும் வாங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

அம்மா உடனே பயிற்சி தொடங்கினாள். தினமும் சாயங்காலம் ஒரு துண்டு பழம்.

"முழுங்குங்க."

"முழுங்கிட்டேன்."

"வாயத் திறங்க."

திறந்தால் பழம் பத்திரமாகக் கன்னத்தில் இருக்கும். சனிக்கிழமைதான் முதல் துண்டு உள்ளே போனது. அம்மா நிம்மதியாகத் தூங்கினாள். அப்பா தூங்கவில்லை என்று மறுநாள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

மரம் என்னவோ கொள்ளை அழகுதான். ஒவ்வொரு பழமும் கன்னம் சிவந்து தொங்கியது. மாமா ஏணியில் நின்று துறட்டியால் இழுக்க, நானும் அம்மாவும் சாக்கை விரித்துப் பிடித்தோம். அப்பா கீழே விழுந்ததைப் பொறுக்கினார். மாமா அவரோடு பேசவில்லை. அப்பா பேச முயன்று, "காம்போட பறிச்சா பால் வடியாது" என்றார். மாமா அடுத்த கிளைக்குத் துறட்டியை நீட்டினார்.

சாக்கு நிறைந்ததும் மாமா இறங்கிவந்தார். அத்தை பழத்தை அறுத்துத் தட்டில் வைத்து அப்பாவின் முன்னால் நீட்டினாள். அப்பா ஒரு துண்டை வாயில் போட்டார். கன்னம் தன்பாட்டுக்கு உருட்ட ஆரம்பித்தது. இடது, வலது, மறுபடி இடது. அம்மா அவர் காலை ஓங்கி மிதித்தாள். குரல்வளை ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது.

"நல்லா இருக்குக்கா. தேன் மாதிரி."

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க மாப்ள! இருங்க, இன்னொரு சாக்கு கொண்டாறேன்" என்று வீட்டுக்குள் ஓடினார். அம்மாவும் பெருமூச்சு விட்டுக் கை கழுவப் போனாள். அத்தை முகம்தான் தொங்கிப்போயிருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப்போனாள். நான் ஒட்டுக்கேட்கிற ரகமில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன், அவ்வளவுதான்.

"பொய் சொல்ற."

"இல்லக்கா."

"கண்ணு கலங்கியிருக்கு."

"பாசத்துலக்கா."

"புளிப்புலடா." அத்தை மூக்கை உறிஞ்சினாள். "வர்றவங்க எல்லாரும் தேன், தேன்னு சொல்லிட்டு வாங்கிட்டுப் போறாங்க. காலைல பார்த்தா தெருமுனைக் குப்பைத் தொட்டியில கிடக்கு. அவர் பார்க்கிறதுக்கு முன்னாடி நான் போய் எடுத்து மறைக்கிறேன். நீ ஒருத்தனாவது என்கிட்ட நிஜம் சொல்லுவேன்னுதான் கூப்பிட்டேன். உன்னையும் கெடுத்து வச்சிருக்காங்களே!"

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். அம்மா கண்ணில் படவில்லை. தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து நிதானமாக உருட்டி, தொட்டியடியில் துப்பினார்.

"கடும் புளிப்பு. நார் அதிகம். கழிவு."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். தானும் ஒரு துண்டைப் போட்டு, அப்பாவைப் போலவே உருட்டித் துப்பினாள்.

"ஆறு வருஷமா ஒவ்வொரு கோடையிலும் இதை முழுங்கறேன்டா. அவர் ஆசையா பார்த்துட்டே நிக்கிறாரு. துப்ப மனசு வரல."

"அங்க என்ன சிரிப்பு?" என்று மாமா சாக்கோடு வந்துவிட்டார்.

"தம்பிக்கு இன்னும் வேணுமாங்க" என்றாள் அத்தை. ஒரு துண்டை வாயில் போட்டு, மாமாவைப் பார்த்துச் சிரித்து, முழுங்கினாள்.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டில் மிச்சமிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, யாரும் சொல்லாமலே, எல்லாவற்றையும் முழுங்கினார்.