இன்னொருவர் வண்டியின் சத்தம்

அறுபதுகளில் என் பழைய மோட்டார் சைக்கிளின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையானது. ஊரே திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய, தனி மாதிரியாக அதிரும் சைலன்சரைப் புதுக்கோட்டை மெக்கானிக்கிடம் வாங்கி மாட்டினேன்.

மறுநாள் உச்சிவெயிலில் திருவரங்குளம் வழியாகப் போனபோது ஒரு பெண் ஓடிவந்து மறித்தாள். என் முகத்தைப் பார்க்காமலே, "வந்துட்டீங்களா? சோறு ஆறிப்போச்சு, எறங்குங்க" என்றாள். எஞ்சினை நிறுத்தினேன். சத்தம் அடங்கியதும்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அவுக வண்டிச் சத்தம்ல இது..." என்று முனகியபடி வீட்டுக்குள் போய்விட்டாள். ஊர் எல்லைவரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன்.

மெக்கானிக்கிடம் கேட்டேன். "அந்த ஊர்க்காரரு வண்டியோடதுங்க. லாரியில அடிபட்டுச் செத்துட்டாரு" என்றார்.

அன்றே கழற்றிப் போட்டேன். ஆனாலும், எஞ்சினை நிறுத்திய அந்த நொடியில் அவள் கணவனை இரண்டாம் முறை சாகவிட்டதாகவே இன்றும் தோன்றுகிறது.