இரும்பு வாளியில் ஊறிய சட்டை

அக்கா துணிக்குச் சாயம் போடுகிறவள். மாதுளைத் தோல், மஞ்சிட்டி வேர் என்று எதையாவது வேகவைத்து நிறம் ஏற்றுவாள். நான் அதை வெட்டித் தைத்துச் சுவரில் மாட்டும் சித்திரமாக்குவேன். இருபது வருடமாக ஒரே அறையில் வேலை. வாய் ஓயாமல் திட்டுவாள். "துணியைப் போடறதுக்கு முன்னாடி பாத்திரத்தைப் பாருடி" என்பதுதான் அதில் பாதி.

அன்று நான் பார்க்கவில்லை. எங்கள் தெரு டீச்சரம்மா தன் இறந்துபோன கணவரின் வெள்ளைச் சட்டையைக் கொடுத்து, மஞ்சள் போட்டுச் சித்திரமாக்கித் தரச் சொல்லியிருந்தார். சாயம் பிடிக்க முதலில் படிகாரத் தண்ணீரில் ஊற வேண்டும். எவர்சில்வர் குண்டான் அடுப்பில் இருந்தது. சோம்பேறித்தனத்தில் துருப்பிடித்த இரும்பு வாளியில் போட்டுத் தொலைத்தேன். காலையில் எடுத்தால், நெஞ்சுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கறை!

அக்கா கத்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எப்பவோ டீ கொட்டியிருக்கு. துவைச்சதுல கண்ணுக்குத் தெரியாம இருந்தது, இரும்பு பட்டதும் கறுத்து எழும்பிடுச்சு" என்றாள்.

"எலுமிச்சம்பழம் தேய்ச்சா போகாதா?"

"தேய்ச்சா துணியே போயிடும், அவ்வளவு நைஞ்சு கெடக்கு. அவரோடதுன்னு அவங்ககிட்ட இருக்கறதே இந்த ஒரு சட்டைதான்டி, பாவி."

"மேல ஒரு இலை தைச்சு மூடிடலாமா?"

"சும்மா இரு. பத்து மணிக்கு வந்துடுவாங்க. நான் பேசிக்கறேன், நீ வாயைத் திறக்காதே."

பத்து மணிக்கு முன்பே டீச்சரம்மா வந்துவிட்டார். அக்கா சட்டையை விரித்து, "என் தப்புங்க. நான்தான் இரும்பு வாளியில போட்டுட்டேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டீச்சரம்மா கறையின் மேல் கை வைத்தார்.

"கோவத்துல டீ டம்ளரை அவர் மேல வீசினது நான்" என்றார். "கேட்டவங்க எல்லார்கிட்டயும் கை தவறித் தானே கொட்டிக்கிட்டதா சொன்னாரு. சாகற வரைக்கும் என்னைக் காட்டிக்கொடுக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மஞ்சள் போட்டா இது மறைஞ்சிடுமா?"

"மஞ்சள் கொஞ்சம் மங்கும். கறை மறையாதுங்க."

"அப்ப போடுங்க."

அக்காவுக்கு மூச்சு வந்தது. என்னால்தான் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

"வாளியில போட்டது அக்கா இல்லைங்க," என்றேன். "நான்."