பருத்திமார் லோடு

பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தாலும் வந்தது, எங்கள் தெரு மளிகைக் கடையில் சீனியும் பருப்பும் மறுபடி காக்கிக் காகிதக் கவருக்கு வந்துவிட்டன. போன வாரம் ஒரு கவரைப் பிரித்தவன், யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மூக்கருகே கொண்டுபோனேன். "என்ன, சீனி வாசன பிடிக்கிறீகளா?" என்றாள் மனைவி. பார்த்துவிட்டாள். சீனிக்கு ஏது வாசனை? கவரில்தான் கொஞ்சம் வைக்கோல், கொஞ்சம் ஈரம். எனக்கு மட்டும் அதற்குள்ளே பருத்திமார் புகையும் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு சின்னக் காகித மில்லில் வேலை பார்த்தேன். பழைய அட்டையையும் வைக்கோலையும் கூழாக்கிக் காக்கிக் காகிதம் போடுகிற மில். ஈரக் காகிதம் காய நீராவி வேண்டும், நீராவிக்குப் பாய்லர் எரிய வேண்டும். நிலக்கரி கட்டுப்படியாகவில்லை. கரண்டோ, நினைத்தால் போகும். புஞ்சைக் காட்டில் கழிவாகக் கிடக்கிற பருத்திமாரையும், அதாவது காய்ந்த பருத்திச் செடியையும், கடலைத் தோலையும் எரித்து, அந்த நீராவியிலேயே டர்பைனைச் சுற்றவிட்டுக் கரண்டு எடுத்து, மிச்சச் சூட்டில் காகிதத்தையும் காயவைக்க முதலாளி ஏற்பாடு செய்தார். நல்ல யோசனைதான், இப்போதும் சொல்வேன். கரண்டு இல்லாமல் ஊரே விசிறிக்கொண்டு கிடக்கையில் எங்கள் மில் மட்டும் கல்யாண வீடு மாதிரி ஜெகஜ்ஜோதியாக இருக்கும்.

அந்தக் கழிவைப் பிடித்துக்கொண்டு வருவது என் வேலை. பெண் பார்க்கப் போன இடத்தில் அம்மா என்னை 'மில்லுல ஆபீசர்' என்று சொல்லிவைத்திருந்தாள். ஆபீசர் மொபெட்டில் ஏறி, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் காடுகாடாகப் போய்க் குப்பை கேட்பார்.

கழிவு என்றேன். அது கழிவில்லை. கடைசிப் பருத்தி எடுத்து முடிந்ததும், வருசம் பூராவும் அந்தக் காட்டில் களை வெட்டிப் பருத்தி எடுத்த பெண்கள் வந்து செடியைப் பிடுங்கிக் காட்டைச் சுத்தமாக்கிக் கொடுப்பார்கள். கூலி கிடையாது. பிடுங்கின பருத்திமார் அவர்களுக்கு. ஐப்பசி மழை வரைக்கும் அவர்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரியும். யாரும் பேசிவைத்துக்கொள்வதில்லை. எந்தக் காடு யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் காடு பாக்கியத்துக்கு. என் அம்மாவைவிட மூத்தவர். எழுதும்போது மரியாதையாக 'மூத்தவர்' என்று வருகிறது. அப்போது எங்கள் வீட்டில் நண்டு சிண்டு உட்பட எல்லோரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம், ஒரு கூச்சமும் இருந்ததில்லை.

காடு வைத்திருந்த ஊர்ச் சம்சாரிகள், முதலில் உங்க காட்டு மாரைப் போடுங்க தம்பி, பெறகு பார்ப்போம் என்றார்கள். அப்பா டவுனில் கடை வைத்திருந்தவர், லாபம் என்றால் மறுபேச்சு இராது என்று நினைத்துக் கேட்டேன். "அது பாக்கியத்தோடதுல்லடா. நான் எப்படிக் குடுக்க?" என்றார். நான் விடவில்லை. கூலியாகக் கொடுத்துவிடலாம், கையில் ரொக்கம் வந்தால் அவளுக்கும் நல்லதுதானே என்று பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். பேசும்போது அதை நம்பினேன், அதுதான் கொடுமை. பாக்கியத்திடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அப்புறம் ஆள் சொல்லிவிடும் வேலையை லாரி புரோக்கர் தலையில் கட்டிவிட்டேன்.

லாரி வரவேண்டிய அன்றைக்கு விடியவும் காட்டுக்குப் போனால், பாக்கியம் மகளையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு பாதிக் காட்டைப் பிடுங்கிவிட்டார். புரோக்கர் சொல்லி வந்திருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். அவர் சொல்லவேயில்லை என்பது பிறகுதான் தெரிந்தது; வருசா வருசம் வருகிற மாதிரி அவர்களாக வந்திருக்கிறார்கள். கூலிக்கு எவ இப்படி மாய்வா பாருங்கள் என்று புரோக்கரிடம் பெருமை வேறு பேசினேன். கட்டெல்லாம் தலைச்சுமைக்குத் தக்கபடி கட்டியிருந்தது. அதைப் பார்த்தாவது இந்த மரமண்டைக்கு ஏறியிருக்க வேண்டும்.

சாயங்காலம் லாரி வந்தது. லோடு ஆட்கள் கட்டுகளைத் தூக்கிப் போட ஆரம்பித்ததும் பாக்கியம் ஓடிவந்தார். அது எங்க வீட்டுக்குப்பா, எறக்குங்கப்பா என்றார். நான் கூலியை எடுத்துக்கொண்டு போய் நீட்டி, மில்லைப் பற்றி என்னவோ உளறினேன். அவர் பணத்தைப் பார்க்கவே இல்லை.

"கூலிக்கா தம்பி வந்தோம்?" என்றார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தீகன்னா வேற காட்டுக்காவது போயிருப்பேன்ல."

லோடு ஆட்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். இறக்குங்கள் என்று ஒரு சொல் போதும். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது, முதல் லோடே திரும்பினால் என் வேலை என்னாவது? நான் லாரி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டு ஏறியது. பாக்கியம் கயிற்றைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு வெறுந்தலையோடு போனார். அந்த வெறுந்தலை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பிறகு ஊரே கொடுத்தது. பாக்கியம் கண்மாய்க் கரையில் சீமைக்கருவேல் வெட்டப் போய், முள் ஏறிக் கால் வீங்கிக் கிடக்கிறார் என்று கடையில் யாரோ சொன்னார்கள். அடுத்த வருசம் அப்பா கிணற்றோரமாக ஒரு துண்டுக் காட்டை மில்லுக்குக் கொடுக்காமல் விட்டுவைத்தார். ஆள் விட்டும் பாக்கியம் வரவில்லை. உழவு வரைக்கும் அந்தச் செடி அப்படியே நின்றது.

மில்லும் பத்து வருசம்கூடத் தாங்கவில்லை. டர்பைன் பழைய இரும்புக்குப் போனது. அதற்கும் ரொம்ப நாள் கழித்து அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பாக்கியத்தைப் பார்த்தேன். காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து அவரேதான் வந்தார். மில் மூடிவிட்டது என்றதும், அய்யோ, ஒங்க வேல போச்சே தம்பி என்று நிசமாகவே வருத்தப்பட்டார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. நம்ம காட்டுல இப்ப யாரு பருத்திமாரு பிடுங்குறா என்று கேட்டார். பருத்தி போடுவதையே விட்டாச்சு, காடு பூராவும் முள்ளு மூடிக் கிடக்கு என்றேன்.

"ஒரு வார்த்த சொல்லிவிட்டிருந்தா நானே வந்து வெட்டியிருப்பேன்ல. நம்ம காடுல்ல?"

இப்போது மில் இருந்த இடம் பிளாட்டு. எங்கள் காட்டில் முள் வெட்ட ஜேசிபிக்காரனுக்குப் போன் போட்டால் வந்துவிடுகிறான். பாக்கியத்துக்குச் சொல்லிவிடத்தான் இனி வழியில்லை.