விற்றுப்போன வீரன்

பிரவுசிங் சென்டர் வைத்துப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: கரண்ட் இருந்தால் நெட் இருக்காது, நெட் இருந்தால் கஸ்டமர் இருக்க மாட்டார், எல்லாம் இருந்தால் பிரிண்டரில் மை இருக்காது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் அருகே இருந்த என் கடையைக் காப்பாற்றியது ஐந்து இளைஞர்கள். ஞாயிறு தவறாமல் வந்து, ஆன்லைனில் கோட்டை பிடிக்கும் சண்டை ஆடுவார்கள். அவர்கள் வராவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

குதிரை

ஐவரில் ஒருவன் கோபி, செய்யூர்க்காரன். விளையாட்டுக்குள் ஓட்ட ஒரு குதிரையை, முகம் தெரியாத ஆளுக்கு நிஜப் பணம் அனுப்பி வாங்கினான். வீட்டில் வேர்க்கடலை விற்ற காசு. விஷயம் தெரிந்து அவன் அப்பா வந்துவிட்டார். இன்றைக்குக் கடை இரண்டாகும் என்று பயந்தேன். மனிதர் திரையில் ஓடும் குதிரையை நிதானமாகப் பார்த்தார்.

"குதிர நல்லாத்தான் கீது. வூட்டுக்கு எப்போ வரும்?"

விற்பனை

பாஸ்கர்தான் அணித் தலைவன். மூன்று வருடம் ஆடி, விளையாட்டுக்குள் அவன் வளர்த்த வீரனைக் கண்டாலே எதிராளிகள் பின்வாங்குவார்கள். அந்த வீரனைப் பாஸ்வேர்டோடு, சிறுசேரியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு விற்றுவிட்டான். டிப்ளமா கடைசி செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேறு வழியில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. கோபி அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"எங்களையும் சேத்து வித்துட்ட மச்சான்."

கோட்டைக் கதவு

பாஸ்கர் வருவதை நிறுத்தினான். அடுத்த ஞாயிறு திரையில் அவன் வீரன் மட்டும் வந்தான், சிறுசேரிக்காரர் தயவில். கதவை மூடச் சொன்னால் திறந்தார். எதிரிகள் கல்யாணத்துக்கு வருவதுபோல் உள்ளே வந்தார்கள். கோட்டை போயிற்று. இனி ஆட்டமே வேண்டாம் என்று நால்வரும் எழுந்துவிட்டார்கள். கோபி தன் ஹெட்போனைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தான்.

"நம்ம ஆளே கதவத் தொறந்து வுட்டா நாங்க இன்னா பண்றது அண்ணாத்த?"

ஆறாவது ஆள்

மறுவாரம், மேஜைமேல் விட்டுப்போன ஹெட்போனை எடுத்துப்போகக் கோபி வந்திருந்தான். அப்போது நாற்பது வயதுக்காரர் ஒருவர் கையில் ஹெல்மெட்டோடு நுழைந்தார். வீரனை வாங்கிய சிறுசேரிக்காரர் தான்தான், விற்கும்போது பாஸ்கர் சொன்ன கடையைத் தேடி வந்தேன் என்றார். தனியாக ஆடி அலுத்து, ஒரு கூட்டத்தோடு சேர்ந்து ஆட ஆசைப்பட்டுத்தான் வாங்கினாராம். நான் பாஸ்கருக்குப் போன் செய்தேன். வந்தவன் வாசலிலேயே நின்றான். சிறுசேரிக்காரர் அவனிடம் போய், "ஆள வாங்கிட்டேன் தம்பி, ஆடத் தெரியல. கொஞ்சம் சொல்லிக் குடேன்" என்றார்.

பாஸ்கர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். தனக்கும் முதல் படியிலிருந்து ஒரு பொடி வீரனைத் தொடங்கினான். கோபி கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, மற்ற மூவரையும் போனில் வரச் சொன்னான்; ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பாஸ்கர் பக்கத்தில் வந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

"நீ பொடியன், பின்னாடி நில்லு மச்சான். இந்த வாட்டி நாங்க பாத்துக்கறோம்."

அவர்களுக்குக் கோட்டை திரும்பக் கிடைத்ததோ இல்லையோ, எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஷட்டர் திறக்க ஒரு காரணமும், ஐந்தே இருந்த கடைக்கு ஆறாவது கம்ப்யூட்டர் வாங்க வேண்டிய தலைவலியும் ஒரே நாளில் கிடைத்தன.