கொலைகாரனின் சட்டை நிறம்

அக்காவைக் கட்டிய அத்தானுக்கு இந்தி தெரியாது. வா, போ, தண்ணீர் என்ற மூன்றையும் தாண்டி நாலாவது சொல் வந்தால் என் முகத்தைப் பார்ப்பார். எனக்குத் தெரியும். கார்ப் பட்டறையில் என்னோடு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் இந்திக்காரர்கள். அவர்களோடு சண்டை போட்டே கற்றுக்கொண்டேன். ஆனாலும் பதினெட்டு வருஷமாக இந்திக் கொலைப் படங்களுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவர் அவர்தான். கொன்றவன் யார் என்று இடைவேளைக்குள் கண்டுபிடித்து என் காதில் ஓதியவரும் அவர்தான். ஒரு வசனம் விடாமல் புரிந்துகொண்டு உட்கார்ந்திருந்த நான் ஒரு தடவைகூடக் கண்டுபிடித்ததில்லை. இந்த வயிற்றெரிச்சலை நான் எங்கே போய்ச் சொல்வது.

எல்லாக் கொலைப் படமும் அவருக்குப் பிடிக்காது. பழைய காலம் மாதிரி ஜோடித்து எடுத்த படமாக இருக்க வேண்டும். அகலக் காலர் சட்டை, தொப்பியைச் சாய்த்து வைத்த துப்பறிவாளன், நீள மூக்குள்ள கார், சிவப்புத் தொலைபேசி, மேடையில் பாடுகிறவளின் மேல் மட்டும் விழுகிற வெளிச்சம். இதெல்லாம் இருந்துவிட்டால் மனுஷன் கண் இமைக்க மாட்டார். "கதை கிடக்குது மச்சான். கதை எல்லாப் படத்துலயும் ஒண்ணுதான். செத்தவன் ஒருத்தன், சாகடிச்சவன் ஒருத்தன். அந்த சோபாவோட மஞ்சளைப் பாரு. எவனோ ஒருத்தன் ராப்பகலா உக்காந்து கலந்திருக்கான்" என்பார்.

கலந்திருக்கான் என்பது அவர் தொழில் சொல். கார்களுக்குப் பெயின்ட் கலப்பது அவர் வேலை. அடிபட்டு வருகிற காரின் ஒரு கதவை மட்டும் மாற்றினால், புதுக் கதவின் நிறம் வெயிலில் வெளுத்த மற்ற மூன்றோடும் ஒட்ட வேண்டும். கம்பெனி டப்பாவில் வருகிற நிறம் ஒட்டாது. அத்தான் கண்ணால் பார்த்துச் சொட்டுச் சொட்டாகக் கலப்பார். தகரத் துண்டில் அடித்து, உலரவிட்டு, வாசல் வெயிலில் காரின் மேல் வைத்துப் பார்ப்பார். ஒட்டிவிட்டால் அந்தத் தகரத்தின் பின்னால் ஓர் எண்ணை எழுதிச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார். எங்கள் பட்டறைச் சுவரில் அப்படி முந்நூற்றுச் சொச்சம் தகரங்கள் தொங்குகின்றன. நான் அதே பட்டறையில், பெயின்ட் அடிக்கும் முன் ஒடுக்குகளில் பட்டி பூசித் தேய்க்கிறவன். எனக்கும் அந்த எண்கள் ஓரளவு பழக்கம்.

என் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோதும் இந்தக் கண்ணுதான். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தச் சுவருக்கு ரெண்டு தடவையா, வேற வேற டப்பாவில அடிச்சிருக்காங்க" என்றார். அடித்தவர் எங்கள் அப்பா. அன்று முழுக்க அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அக்காதான், "பொய் சொல்லத் தெரியாத ஆளுப்பா, இவரே போதும்" என்று சொல்லிக் கட்டிக்கொண்டாள்.

கொலைகாரனைப் பிடிக்கிற ரகசியத்தை ஒருநாள் எனக்குச் சொன்னார். "இந்த மாதிரிப் படத்துல செத்தவன் அறைச் சுவரும் கொன்னவன் சட்டையும் ஒரே டப்பா மச்சான். எடுக்கிறவனுக்கே தெரியாது. அவன் கண்ணுல அந்த ஆளு அந்த அறையோட ஒட்டிக்கிட்டான். கை தானா அந்தத் துணியை எடுத்து மாட்டிடும்." சுத்தப் பேத்தல் என்றேன். பத்துக்கு எட்டுப் படத்தில் பலித்தது. அதற்கு நான் என்ன செய்ய.

ஒரு விடுமுறை நாள் பகல் காட்சி. இடைவேளை விளக்கு எரிந்ததும் அத்தான் என் பக்கம் சாய்ந்தார்.

"அந்தக் காப்பிக் கலர் சட்டைக்காரன்தான்."

"காப்பிக் கலரா? அப்படி ஒருத்தனும் இல்லையே."

"வக்கீல் கூடவே வர்றானே, மீசைக்காரன்."

"அது பச்சை சட்டை அத்தான். பாட்டில் பச்சை." இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தேன். பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாக ஒரு நிறத்தில் அவர் தவறினார் என்று எனக்கு அவ்வளவு குஷி. இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது. அவர் சிரிக்கவில்லை. மீதிப் படம் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் பட்டறையில் ஒரு தகரத்தைக் கையில் கொடுத்து, "வாசல்ல வச்சுப் பாரு, ஒட்டுதா" என்றார். என்னைப் போய்க் கேட்கிறாரே என்று ஒரு கணம் தோன்றியது. பெருமையாகக்கூட இருந்தது. "ஒட்டுது" என்று பாராமலே சொன்னேன். மறுநாள் அரக்குச் சிவப்புக் கார் ஒன்று, ஒரு கதவு மட்டும் மண் நிறத்தில், வெளியே வந்து நின்றது. கார்க்காரர் அதை இரண்டு முறை சுற்றி வந்தார். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அத்தான் அந்தக் கதவின் முன்னால் போய் நின்று, கையை வைத்துத் தடவிக்கொண்டே, "எதுடா கோளாறு? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று மெல்லக் கேட்டார்.

கண் நரம்பு வாடுகிறது என்றார் டாக்டர். கண்ணாடி போட்டுச் சரி செய்கிற சமாசாரமில்லை. முதலில் நிறம் போகும், பிறகு மெல்ல மெல்ல மற்றதும் போகும். பெயின்டில் கலக்கிற தின்னர் நெடியாலா, உடம்பு வாகாலா என்று கேட்டதற்கு இரண்டும் இருக்கலாம் என்று மழுப்பினார். முகமூடி போட்டால் அதன் கண்ணாடியில் ஆவி படிகிறது, நிறம் தெரியவில்லை என்று அத்தான் அதைப் போட்டதே கிடையாது. நான் பயந்தாங்கொள்ளி. முதல் நாளிலிருந்து போட்டிருக்கிறேன். என் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதலாளி தங்கமான மனுஷர். வெளியே போ என்று சொல்லவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். எட்டு மாதத்தில் ஆள் யார் என்பதைக் குரலை வைத்துத்தான் அத்தான் கண்டுகொண்டார். அதற்குப் பிறகு அவர் பட்டறைக்கு வரவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அக்கா என்னைக் கூப்பிட்டு, "ஒரு வாய் சாப்பிட மாட்டேங்குறார்டா. எதைக் கேட்டாலும், எனக்கு என்ன தெரியும்கிறார். அந்தப் பாழாப்போன இந்திப் படத்துக்காவது கூட்டிட்டுப் போயேன்" என்றாள். பதினெட்டு வருஷமாக அந்தப் படங்களைத் திட்டித் தீர்த்தவள் அவள்.

கூட்டிக்கொண்டு போனேன். திரையில் ஏதோ வெளிச்சம் அசைவது மட்டும் தெரியும் என்றார். நான் காதில் சொல்ல வேண்டும்.

"சுவர் பச்சை" என்றேன்.

"எந்தப் பச்சை?"

"பச்சைன்னா பச்சைதான். அதுல என்ன எந்தப் பச்சை?"

"ஏன்டா, இருபது வருஷமா அந்தச் சுவர்ல தகரம் தொங்குதே, பார்த்ததே இல்லையா?"

அப்புறம்தான் எண்களில் சொல்ல ஆரம்பித்தேன். சோபா இருபத்தெட்டு. பாடுகிறவள் புடவை தொண்ணூற்று ஒன்று, கொஞ்சம் வெளுத்தது. முன் வரிசைக்காரன் திரும்பி முறைப்பான், நான் பதிலுக்கு முறைப்பேன். எண்ணைச் சொல்வதற்குள் காட்சி மாறிவிடும். நூற்றுப் பதினாலா நூற்றுப் பதினேழா என்று குழம்புவேன், எரிந்து விழுவேன். அத்தான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் தனக்குள் அடுக்கிக்கொண்டிருப்பார். அந்த இரண்டரை மணி நேரம் அவர் முகத்தில் உயிர் இருந்தது. அன்றிரவு இரண்டு தட்டுச் சாப்பிட்டார் என்று அக்கா சொன்னாள்.

ஆனால் கொலைகாரன் தப்பித்துவிட்டான். அடுத்த படத்திலும் தப்பித்தான். மூன்றாவது படத்திலும் அத்தான் சொன்ன ஆள் அப்பாவியாகப் போய்விட்டான். வெளியே வரும்போது, "என் கண்ணு போனது போகட்டும். என் புத்தியும் போயிடுச்சு மச்சான்" என்றார். அவரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போனால் அந்தச் சுவரைப் பார்த்து உட்காருகிறவரை யாராலும் எழுப்ப முடியாது. தப்பு என் வாயில்தான் இருந்தது. என் எண்கள் எல்லாம் குத்துமதிப்பு.

எனவே நான் ஒரு காரியம் செய்தேன். புதுப் படம் வந்த அன்று அரை நாள் விடுப்புப் போட்டு முதலில் தனியாகப் போய்ப் பார்த்தேன். கொன்றவன் யார் என்று மட்டும் பார்த்து வைத்துக்கொண்டேன். ஹோட்டலில் பியானோ வாசிக்கிறவன். மறுநாள் பகல் காட்சிக்கு அத்தானை அழைத்துப் போனேன்.

செத்தவன் அறை வந்தது. "சுவர் நூற்று நாற்பத்திரண்டு" என்றேன். அவர் தலையாட்டினார். வக்கீல் வந்தான், ஒரு எண் சொன்னேன். காதலி வந்தாள், ஒரு எண். பியானோக்காரனுக்கு, "சட்டை நூற்று நாற்பத்திரண்டு" என்றேன். அத்தானின் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தது.

"இவன்தான்."

"பார்ப்போம்" என்றேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

கடைசியில் பியானோக்காரன் கையில் விலங்கு மாட்டினார்கள். "பிடிச்சிட்டீங்க அத்தான்" என்று அவர் தோளைத் தட்டினேன். அக்காவிடம் போய் அவர் எப்படிச் சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன். அவர் எழவில்லை. கூட்டம் போகும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு என் தோளில் கை வைத்துக்கொண்டு நடந்து வந்தார். படிக்கட்டுக்கு முன்னால் நின்றார்.

"நேத்தே பார்த்துட்டியா மச்சான்?"

"என்ன அத்தான் சொல்றீங்க?"

"அந்தப் பியானோக்காரன் வர்றப்ப, கதவு திறக்கிற சத்தம் கேக்குறதுக்கு முன்னாடியே நீ நம்பரைச் சொல்லிட்டே. படம் முழுக்க ஒரு தடவைகூட எரிஞ்சு விழலை."

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "நீங்க ஜெயிக்கணும்னுதான் அத்தான்" என்றேன்.

"ஜெயிக்கவாடா வந்தேன்? பார்க்க வந்தேன்." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "என் கண்ணு ரெண்டும் போயிடுச்சு. இனி உன் கண்ணுதானே. அதை நம்பித்தானே உக்காந்திருந்தேன்."

துடைப்பக்காரர் எங்களைச் சுற்றிக்கொண்டு பெருக்கிப் போனார்.

"சரி, விடு" என்றார் அத்தான். "நீ எனக்காகத்தான் செஞ்சே. இப்ப நிஜத்தைச் சொல்லு. அந்த அறைச் சுவரு என்ன கலரு? நல்லா எடுத்திருந்தானா?"

வாயைத் திறந்தேன். இரண்டு நாளில் இரண்டு தடவை பார்த்த படம். பியானோக்காரன் எந்தக் கதவு வழியாக வருவான், கத்தியை எங்கே ஒளித்தான், எந்த வசனத்தில் மாட்டுவான், எல்லாம் தெரியும். சுவர் நீலமா, மஞ்சளா, எனக்குத் தெரியவில்லை. நான் அதைப் பார்க்கவே இல்லை.

"ஞாபகம் இல்லை அத்தான்" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். என் தோளிலிருந்து கையை எடுக்கப் போனார். முன்னால் படிக்கட்டு இருந்ததால் எடுக்கவில்லை.